எழுபத்து மூன்று வில்லைகளும் ஓர் ஆணியும்

தொழிற்சங்கச் செயலாளர் என்பவன் அடுத்தவன் லீவுக்காகச் சண்டை போட்டுவிட்டுத் தன் லீவை எடுக்க மறந்துபோகிறவன். பல வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். லீவு விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலதிகாரி எப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்று மேசை முன்னால் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். லேசாக இருமிக்கூடப் பார்த்திருப்பீர்கள். அவர் அப்போதுதான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்திருப்பார். அப்படி நின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிற்க வைத்தவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் மர மில் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பேம்பூ பிளாட் பக்கம் இருந்தது. சாத்தத்தில் இருக்கிற பெரிய மில் இல்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அதன் சங்கு எங்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான் உறவு. எங்களுடையது சின்னது. சர்க்கார் கம்பெனி. எழுபத்து மூன்று பேர். தமிழன், வங்காளி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன் என்று எல்லாரும் உண்டு. வீட்டில் அவரவர் பாஷை. சண்டை மட்டும் ஹிந்தியில்.

ஏழு நாள் பாடம்

கட்டை உருட்டுகிற கூலியாகத்தான் நான் மில்லில் சேர்ந்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு, கோபம் அதற்கு மேலே பல வகுப்பு. இரண்டாம் வருடம் ஊருக்குப் போக லீவு கேட்டேன். டைம் கீப்பர் குருப்பு, "இந்தக் கப்பலுக்கு இல்லை, அடுத்த கப்பலுக்குப் பார்க்கலாம்" என்றார். மலையாளி, மெல்லப் பேசுகிறவர். அந்த மெல்லப் பேச்சுதான் எனக்கு ஆகாது. மேசையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அவருடைய ரிஜிஸ்டரில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். தனி ஆளாக ஸ்ட்ரைக் செய்வதாக நினைப்பு. யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று ஏழு நாள் காத்திருந்தேன். ஒரு காக்காகூட வரவில்லை.

எட்டாம் நாள் நானே போனேன். குருப்பு புது ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏழு நாளையும், வேலை செய்து நான் சேர்த்திருந்த சம்பாத்திய லீவில் கழித்திருந்தார். அந்த எரிச்சலில்தான் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. அர்த்தம் கேட்டதும் அந்தக் குருப்பிடம்தான். அன்று அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "கோபத்துக்கும் லீவு உண்டு செல்லையா. ஆனா அது உன் கணக்கிலேர்ந்துதான் போகும்."

தரையில் கால் படும் வரை

எங்கள் மில்லின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பித்தளை வில்லை, நம்பர் அடித்தது. வாசலில் ஒரு பலகை. வேலைக்கு வந்தால் வில்லை அவனவன் ஆணியில் தொங்கும். லீவில் போகிறவன் வில்லையை குருப்பிடம் கொடுப்பான். அவர் அதை ஓரத்தில் இருக்கிற பெரிய ஆணியில் மாட்டுவார். அந்த ஆணிக்கு மேலே 'மெயின்லேண்ட்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். வில்லை அங்கே ஏறியதும் ஆள் லீவுக்காரன். ஆனால் லீவு நாள் ஓட ஆரம்பிப்பது மெட்ராஸ் துறைமுகத்தில் அவன் கால் தரையில் பட்ட பிறகு. கப்பலுக்குக் காத்திருக்கும் நாளும் கடலில் போகும் நாளும் டியூட்டி. பகல் பன்னிரண்டுக்குப் பிறகு இறங்கினால் அந்த நாளும் சேராது. கப்பல் தன் இஷ்டத்துக்கு வருகிற தீவில் இது இல்லாமல் ஒருவன் லீவில் போக முடியாது.

கட்டை இழுக்கிற வின்ச்சை ஓட்டும் சூசை அண்ணன் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர். ஐந்து வருடமாக ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. மகள் ஸ்டெல்லா ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். ஈஸ்டர் முடிந்து அவளுக்குக் கல்யாணம். "மூணு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல ஓலை வாசிக்கதை நான் முன் பெஞ்சில இருந்து கேக்கணும் வே. இன்னாருடைய மகள்னு சாமியார் என் பேரைச் சொல்லும்போது நான் அங்க இருக்கணும்" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் சாமியார் வாசிக்கிற அறிவிப்புதான் ஓலை. அதற்காகத்தான் அந்தச் சேமிப்பு. ஒரு தடவை மலேரியா. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வின்ச்சில் நடுங்கிக்கொண்டிருந்தார். உடம்புக்கு லீவு வேண்டுமென்றால் அக்கரைக்குப் போய் டாக்டர் சீட்டு வாங்கி வர வேண்டும். அந்த உடம்போடு யார் போவது? சம்பாத்திய லீவில் இரண்டு நாள் எடும் என்று நான் கத்தினேன். அசையவில்லை. கஞ்சித் தூக்கோடு வந்த அவர் மனைவி பிலோமினா மதினிதான் எனக்குப் பதில் சொன்னாள்: "ரெண்டு நாள் லீவு போட்டா கல்யாணத்துக்கு ரெண்டு நாள் குறையுமாம். நீங்க போய் அந்தக் காய்ச்சல்கிட்ட பேசிப் பாருங்க தம்பி."

பட்டியலில் இல்லாத சாமான்

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். மில்லை சர்க்கார் விற்றுவிட்டது. வருகிற முதல் தேதியிலிருந்து கல்கத்தா கம்பெனி. வேலை யாருக்கும் போகாது, எல்லாரும் புது பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாரத்தின் கடைசி வரியை குருப்பு இரண்டு தரம் படித்தார்: சர்வீஸ் முதல் தேதியிலிருந்து தொடங்கும், ஒரு வருடம் முடிந்த பிறகே முதல் லீவு. சூசை அண்ணன் தன் வில்லையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடம் கழித்து ஸ்டெல்லாவுக்கு யார் ஓலை வாசிப்பார்கள்?

சர்க்கார் மேனேஜர் தத்தா பாபுவிடம் ஓடினேன். வங்காளி, நல்ல மனுஷன், ஆனால் மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்ட மனுஷன். முதல் தேதிக்குப் பிறகு தன் பொறுப்பில்லை என்றார். முதல் தேதிக்கு முந்தியது தன் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவே எங்கள் லீவு கடலில் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒப்படைப்புப் பட்டியலை என் முன்னால் தள்ளினார். ரம்பம், வின்ச், கயிறு, வாளி, யானை இரண்டு. விரலை அந்த வரியில் வைத்து ஹிந்தியில் சொன்னார்: "யானைக்கு வெயில் கால ஓய்வு நாள்கூட எழுதியிருக்கு பாய். உங்களுக்குத்தான் எழுத மறந்துட்டாங்க."

டீ கொட்டிய காகிதம்

கம்பெனி மேனேஜராக வந்தவர் சோப்ரா. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பான்ட், வெள்ளை ஷூ. மர மில்லுக்கு வருகிற உடுப்பா அது? நானும் குருப்பும் பேச்சுவார்த்தைக்குப் போனோம். "பழைய லீவு பழைய முதலாளியோடு போச்சு" என்றார். நான் மேசையில் அடித்த அடியில் டீ எகிறி அவர் காகிதத்தில் கொட்டியது. குருப்பு என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். ஏழு நாள் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன்.

பெரியது கிடைக்காது என்று தெரிந்ததால் சின்னதைக் கேட்டேன். கப்பலுக்குக் காத்திருக்கும் நாள் டியூட்டி, கால் பட்ட பிறகுதான் லீவு, இந்த வழக்கமாவது இருக்கட்டுமே என்றேன். கல்கத்தாவில் கப்பலுக்காக பதினோரு நாள் காத்துக் கிடந்து வந்தவர் அவர். அந்த வலி அவருக்கும் இருந்தது. "ஜரூர்", கட்டாயம், என்று சொல்லி அந்த டீ கொட்டிய காகிதத்திலேயே தன் கையால் எழுதினார். அப்புறம், ஏற்கெனவே ஊருக்குப் போயிருக்கிற இரண்டு பேர் கதி என்ன என்று கேட்டேன். முதல் தேதி காலையில் லீவில் இருப்பவர்களின் லீவு முழுசாக அப்படியே தொடரும் என்று அதையும் எழுதினார். யார் லீவில் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாகப் பலகையைக் காட்டிச் சிரித்தபடி, கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என்னிடம் தந்தார்: "அந்த ஆணியில் யார் வில்லை தொங்குதோ அவங்க லீவு என் பொறுப்பு. போதுமா லீடர் சாப்?"

கார்பன் தாள்

போதும் என்று அப்போது எனக்கே தெரியாது. சாத்தத்துக்குப் போகும் படகில் பாதி வழியில்தான் உறைத்தது. முதல் தேதி காலையில் எல்லா வில்லையும் அந்த ஆணியில் தொங்கினால்? படகில் எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குக் கிறுக்கு என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். பஜாரில் மீரான் பாய் கடைக்குப் போய் இருக்கிற கார்பன் தாளை எல்லாம் எடுக்கச் சொன்னேன். எழுபத்தொரு விண்ணப்பம், ஒவ்வொன்றும் மூன்று பிரதி. கீழக்கரைக்காரர் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் சொந்தக் கணக்கு நோட்டில் செருகியிருந்த தாளையும் உருவிக் கொடுத்தார்.

எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள், சூசை அண்ணன் தவிர. அவர் வீட்டுக்குப் போனால் மனுஷன் கம்பெனியின் புது பாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்துகொண்டிருக்கிறார். "உன் திட்டம் கவுந்தா எனக்கு ஒண்ணும் கிடைக்காது வே. கையெழுத்தைப் போட்டுட்டு, அந்த வெள்ளைச் சட்டைக்காரன் காலைப் பிடிச்சாவது இருபது நாள் வாங்கிக்கிடுதேன்" என்றார். எனக்குத் தலைக்கு ஏறியது. எங்கள் எழுபத்தொரு பேரில் ஒருவன் கையெழுத்துப் போட்டாலும் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி அந்த பாரத்தைப் பிடுங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். புகை வந்தது. பிறகு குரல் வந்தது: "அஞ்சு வருசம் சேத்ததைக் குடுத்துட்டு இருபது நாள் பிச்சை வாங்கவா காய்ச்சலோட வின்ச்சில நின்னீரு?"

தத்தா பாபுவின் கடைசி கையெழுத்து

மாதக் கடைசி நாள். தத்தா பாபுவின் அறை முன்னால் எழுபத்தொரு பேர் வரிசை. விதிப் புத்தகத்தில் நான் ஒரு வாரம் செலவழித்த பக்கங்களில் ஒன்று இது: சம்பாத்திய லீவை மறுக்க வேண்டுமென்றால், ஆள் போனால் வேலை கெடும் என்று அதிகாரி எழுத வேண்டும். அதை அவர் முன்னால் பிரித்து வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். அவர் ஒரு வரி எழுதினால் எல்லாம் முடிந்தது.

ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட ஆரம்பித்தார். குருப்பு ஒவ்வொரு வில்லையாக மெயின்லேண்ட் ஆணியில் மாட்டினார். நாற்பதுக்கு மேலே ஆணி வளைந்தது. சுத்தியலால் நிமிர்த்திவிட்டு மாட்டினார். கடைசியாகத் தன் வில்லையையும் மாட்டிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார். யானைப் பாகர்கள் இரண்டு பேரும் லீவு போட்டார்கள், ஆனால் தீனி போடுவதை விடமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அது வாயில்லா ஜீவன், சங்கத்தில் இல்லை. இடையில் ஒருவன் சந்தேகப்பட்டு, "சாப், நிஜமாகவே சாங்ஷனா?" என்று கேட்டதற்கு தத்தா பாபு தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாளைக்கு இந்த மில்லில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை கெடும்னு எப்படி எழுதுவேன்? அடுத்த ஆள்!"

ஜெட்டியில் டியூட்டி

முதல் தேதி காலை சோப்ரா மில்லுக்கு வந்தபோது ரம்பம் இருந்தது, வின்ச் இருந்தது, பலகையில் ஒரே ஆணியில் குலை தள்ளிய மாதிரி எழுபத்து மூன்று வில்லை இருந்தது. ஆள் இல்லை. நாங்கள் சாத்தம் கப்பல்துறை ஜெட்டியில் டிரங்குப் பெட்டியும் பாயுமாக உட்கார்ந்திருந்தோம். அடுத்த படகில் வந்தார். வெள்ளை ஷூவில் சேறு. கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார். கப்பல் மெட்ராஸை விட்டே கிளம்பவில்லை, ஏதோ ரிப்பேர், தெரியுமா, நீந்திப் போகப் போகிறீர்களா என்று கேட்டார். நான் டீக்கறை படிந்த காகிதத்தை அவரிடம் நீட்டினேன். கப்பலுக்குக் காத்திருக்கும் நாள் டியூட்டி. அவர் கையெழுத்து. லீவு ஒரு நாள்கூட ஓடவில்லை, சம்பளம் மட்டும் ஓடுகிறது. எங்கள் கப்பல் எவ்வளவு தாமதமோ அவ்வளவு நாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். நாலு நாள் போனது. கம்பெனியின் முதல் ஆர்டர் மரம் அறுபடாமல் கழிமுகத்தில் மிதந்தது. ஆனால் எனக்கும் பயம்தான். கப்பல் இன்னும் ஒரு வாரம் இழுத்தால் முதல் ஓலை போய்விடும். சூசை அண்ணன் ஜெட்டி முனையிலேயே நின்றார். ஐந்தாம் நாள் சோப்ரா வந்து எல்லாரையும் பார்த்து "உட்டோ! காம் பே சலோ!" என்று, எழுந்து வேலைக்கு வரச் சொல்லிக் கத்தினார். டிரங்குப் பெட்டிமேல் மல்லாந்திருந்த தெலுங்கு ரம்பக்காரன் அப்பாராவ் ஒரு கண்ணை மட்டும் திறந்து சொன்னான்: "மெதுவா பேசுங்க சாப், டியூட்டில இருக்கோம்."

யானைக்குக் கொடுத்தது

அன்றே ஜெட்டி ஆபீசில் மேசைக்குக் கூப்பிட்டார். டீ வைக்கவில்லை. பாதி லீவைத் தொடரலாம் என்றார். நான் எழுந்தேன். குருப்பு வழக்கம்போல என் சட்டையைப் பிடித்தார். இந்தத் தடவை தேவைப்படவில்லை. தத்தா பாபுவிடம் வாங்கி வைத்திருந்த ஒப்படைப்புப் பட்டியலை எடுத்து யானை வரியை அவர் முன்னால் வைத்தேன். "சாப், யானையை வாங்கும்போது அதோட ஓய்வு நாளையும் சேர்த்து வாங்கியிருக்கீங்க. பாதி ஓய்வுன்னு அதுகிட்ட சொல்லிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் கத்தாமல் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். சேர்ந்த லீவு அத்தனையும் ஒரு நாள் குறையாமல் தொடரும். காத்திருக்கும் நாளும் கால் படும் வழக்கமும் அப்படியே. பதிலுக்கு, ஒரு கப்பலுக்குப் பத்துப் பேருக்கு மேல் போவதில்லை என்று நான் ஒப்புக்கொண்டேன்; முதல் பத்தில் முதல் பெயர் சூசை. வெளியே வந்து நான் கையைத் தூக்கிக் காட்டியதும் எழுந்த சத்தத்தில் சாத்தம் பாலத்தில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மீரான் பாய் மூட்டையோடு மிட்டாய் வாரி இறைத்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே சோப்ரா குருப்பைப் பார்த்துக் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "மில்லுக்குப் போனதும் முதல் வேலையா அந்த ஆணியைப் பிடுங்கி எறி!"

பன்னிரண்டு மணிக்கு முன்னால்

அதற்கு மூன்றாம் நாள் கப்பல் வந்தது. சூசை அண்ணனும் மதினியும் ஏறும்போது நான் ஒன்றை மட்டும் பத்துத் தடவை சொல்லி அனுப்பினேன். மெட்ராஸில் கப்பல் காலையில்தான் கட்டும். அவசரப்பட்டு இறங்க வேண்டாம். பன்னிரண்டு அடித்த பிறகு காலைத் தரையில் வையும், ஒரு நாள் மிச்சம். தலையாட்டினார். லீவு விஷயத்தில் அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? மலேரியாவுக்கே மசியாத மனுஷன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சங்க ஆபீசில் எல்லாரையும் வைத்துக்கொண்டு குருப்பு கேட்கும்படி உரக்கப் படித்தேன். முதல் ஓலைக்கு இரண்டு நாள் முந்தியே ஊருக்குப் போய்விட்டாராம். மூன்று ஞாயிறும் முன் பெஞ்சு. சாமியார் பெயரைச் சொன்னபோது மதினி இடித்ததில்தான் தன் பெயர் என்றே தெரிந்ததாம். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நாலு வரி எனக்கென்று தனியாக இருந்தது. அதையும் உரக்கவே படித்தேன்: "செல்லையா, நீ சொன்னபடி மேல்தட்டில நின்னேன். கீழ ஒரு பொம்பளைப்பிள்ளை கையை ஆட்டிச்சு. யாரோன்னு பார்த்தேன், ஸ்டெல்லா வே. ஒன்பது மணிக்கே இறங்கிட்டேன், கோபப்படாதே."

எழுபத்து மூன்று பேரின் லீவைக் கம்பெனியிடமிருந்து ஒரு நாள் குறையாமல் பிடுங்கித் தந்த நான், சூசை அண்ணன் தொலைத்த அந்த ஒரு நாளை மட்டும் எந்த விதியில் எழுதி வாங்குவது என்று இன்னும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.